ஒரு நாள் லீவு போட்டா நாலு நாள்

மளிகைக் கடையிலும் நகைக் கடையிலும் டிசம்பரில் காலண்டர் கொடுக்கத் தொடங்கினால், தென்காசியில் தெருவுக்கு ஒருவருக்குக் கை பரபரக்கும். மற்றவர்கள் அதில் முகூர்த்த நாள் பார்ப்பார்கள், ராகு காலம் பார்ப்பார்கள். இவர் அரசு விடுமுறைப் பட்டியல் எங்கே அச்சாகியிருக்கிறது என்று தேடிப் பிடிப்பார். வயது நாற்பத்தைந்துக்கு மேல், ரிட்டயர்மென்ட்டுக்குக் கீழ். ஏதாவது ஓர் அலுவலகத்தில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிற உத்தியோகம். தெருவில் அண்ணாச்சி என்பார்கள். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

பண்டிகைகளில் அண்ணாச்சி சாதி, மதம் பார்ப்பதில்லை. கிழமை மட்டும் பார்ப்பார். 2026-இல் குடியரசு தினம் திங்கள், மே தினம் வெள்ளி, காந்தி ஜெயந்தி வெள்ளி, கிறிஸ்துமஸும் வெள்ளி. காலண்டரைப் புரட்டப் புரட்ட அவர் முகத்தில் அப்படி ஒரு தெளிச்சி. ஆகஸ்ட் வந்ததும் முகம் சுருங்கிவிட்டது. சுதந்திர தினம் சனிக்கிழமை.

"வெள்ளைக்காரன் ஒரு நாள் முன்னாடியே போயிருந்தா அவனுக்கு என்ன கொறஞ்சு போச்சு?"

நவம்பர் 8, தீபாவளி, ஞாயிறு. இதை அவரால் நம்பவே முடியவில்லை. இன்னொரு கடை காலண்டரை எடுத்து ஒத்துப் பார்த்தார். அதிலும் ஞாயிறுதான். அன்று ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை என்று வீட்டில் சொன்னார்கள்.

பொங்கல் என்றால் 2025 பொங்கல்தான் என்பது அவர் கட்சி. செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் பண்டிகை. 17-ஆம் தேதி வெள்ளிக்கும் அரசாங்கம் விடுமுறை விட்டது. பின்னாலேயே சனி, ஞாயிறு. ஆக மொத்தம் ஆறு நாள். அந்த ஆறு நாளும் அவர் வீட்டை விட்டு எங்கேயும் போகவில்லை; அது வேறு விஷயம்.

2019 நவம்பர் 22-ஆம் தேதி திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தென்காசி தனி மாவட்டமானபோது, கலெக்டர் ஆபீஸ் எங்கே வரும், நிலம் என்ன விலைக்குப் போகும் என்று ஊரே பேசியது. அண்ணாச்சிக்கு ஒரே ஒரு சந்தேகம்: "உள்ளூர் விடுமுறை இனிமே நமக்குத் தனியா விடுவாங்களாவே?" விட்டார்கள். சங்கரன்கோவில் ஆடித்தபசுக்கு விடுமுறை உண்டு. அதற்கு ஈடாக ஒரு சனிக்கிழமை வேலைநாள் என்று அதே அறிவிப்பில் கீழே இருக்கும். அந்த வரி அவர் கண்ணுக்கு இன்றுவரை அகப்படவில்லை.

திட்டத்துக்கென்று ஒரு நோட்டு வைத்திருக்கிறார். விடுமுறையைக் காலண்டர்காரன் சிவப்பில் அடித்துவிட்டதால் இவருக்குப் பச்சை மை. ஜனவரியில் ராமேஸ்வரம், மார்ச்சில் கொல்லம், மேயில் ஊட்டி, அக்டோபரில் கொடைக்கானல். கொல்லத்துக்குச் செங்கோட்டையிலிருந்து மலைக்குள்ளே ரயிலில்தான் போக வேண்டும், பதிமூன்று கண் பாலத்தை ஜன்னல் வழியே பார்க்க வேண்டும் என்று ஓரத்தில் குறிப்பு. அந்தப் பாதையில் முதல் ரயில் 1904-இல் ஓடியது. மீட்டர் கேஜை அகற்றிவிட்டு அகலப் பாதையாக 2018-இல் மறுபடி திறந்தார்கள். இதையெல்லாம் ஒப்பிப்பார். ஏறிப் பார்த்தாரா என்று கேட்டால் பேச்சு ரயில்வே முன்பதிவு விதிக்குத் தாவிவிடும். முன்னெல்லாம் 120 நாளுக்கு முன்னால் டிக்கெட் போடலாம். 2024 நவம்பரில் அதை 60 ஆக்கிவிட்டார்கள். தன்னை மனதில் வைத்தே ரயில்வே இதைச் செய்தது என்பதில் அண்ணாச்சிக்குச் சந்தேகமே இல்லை.

தை பிறந்ததும் நோட்டுக்குக் கண்டம் தொடங்கும். கல்யாணப் பத்திரிகைகள் வரும். ராமேஸ்வரம் போக வேண்டிய ஞாயிறு சுரண்டை மண்டபத்தில் பந்தியோடு முடியும். மார்ச்சில் பையனுக்குப் பரீட்சை. பங்குனி உத்திரத்துக்கு மட்டும் குடும்பம் மொத்தமும் வேனில் அடைந்து கிளம்பும், சாஸ்தா கோயிலுக்கு. அதற்கு நோட்டும் கிடையாது, பச்சை மையும் கிடையாது. முந்தின நாள் ராத்திரி யாரோ ஒரு சித்தப்பா போன் போட்டு, "காலம்பற அஞ்சு மணிக்கு வண்டி வந்துரும்" என்பார். அவ்வளவுதான், பானை, அரிசி, பாய், பச்சைக் குழந்தை எல்லாம் ஏறிவிடும். வருஷத்தில் தவறாமல் நடக்கிற ஒரே பயணம் இதுதான். ஆனால் அண்ணாச்சி இதைப் பயணக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

மேயில் ஊட்டி. 2024 மே முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்துவிட்டதல்லவா? முதல் ஆளாக எடுத்து, பிரின்ட் போட்டு, பீரோவில் வைத்துவிடுவார். பாஸ் கையில் இருந்தால் பாதி ஊட்டி பார்த்த மாதிரி. மீதிப் பாதி பெரும்பாலும் பார்க்கப்படுவதில்லை.

ஜூன் பிறந்தால் கதையே வேறு. ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்று இறங்கும். வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே சாரல் முகத்தில் தெறிக்கும். அத்தோடு அண்ணாச்சியின் போனும் அடிக்க ஆரம்பிக்கும். வருஷம் பூராவும் சௌக்கியமா என்று கேட்காத சொந்தமெல்லாம் கேட்கும் முதல் கேள்வி, "குற்றாலத்துல தண்ணி விழுதா?" அண்ணாச்சி மொட்டை மாடிக்குப் போய் மலையைப் பார்ப்பார். மேகம் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று ஒரு கணக்கு. "ஐந்தருவியில அஞ்சு கிளையும் விழுது. மெயினருவியில ஆர்ச்சைத் தாண்டி வருது, தடை போட்டுட்டாங்க. சாயந்தரம் தெறப்பாங்க, வாங்க." அதிகாரப்பூர்வ அறிவிப்பு வருவதற்குள் அவர் சொன்னது சென்னை வரைக்கும் போய்விடும்.

பிறகு சென்னை கிளம்பி வரும். பொதிகை எக்ஸ்பிரஸ் காலையில் தென்காசியில் நிற்கும்போது இறங்குகிறவர்களில் பாதிப் பேர் இவர் வீட்டுக்குத்தான் வருகிறார்களோ என்று தோன்றும். இந்த முறை தம்பி மகன், ஐ.டி. கம்பெனிக்காரன், ஒரு வருஷத்துப் பயணத்தையும் எக்ஸெலில் போட்டுக் கொண்டுவந்து பெரியப்பாவிடம் பெருமையாகக் காட்டினான். மாதம், ஊர், தங்குமிடம், செலவு என்று வரிசையாகக் கட்டங்கள். நடுவில் ஒரு வரி: ஜூலை, குற்றாலம், மூன்று நாள், தங்கல் பெரியப்பா வீடு, செலவு பூஜ்யம்.

வேறு யாராயிருந்தாலும் முகம் மாறியிருக்கும். அண்ணாச்சி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "கட்டம் நல்லா போட்டிருக்கலே" என்றார். அவருக்கு உறுத்தியது வேறு இடம். "ஞாயித்துக்கெழம பத்து மணிக்கு மெயினருவின்னு போட்டிருக்க? உச்சந்தலையில ஒரு சொட்டு விழாது. அடுத்தவன் முதுகைத் தேய்ச்சிட்டு வரணும்."

பச்சை மை வெளியே வந்தது. விடியற்காலை மூன்றரைக்கு எழுந்திருக்க வேண்டும். நாலு மணிக்கு ஐந்தருவி. சோப்பு, ஷாம்பூ எடுக்கக் கூடாது, உயர்நீதிமன்ற மதுரைக் கிளையே சொல்லியிருக்கிறது. எட்டு மணிக்குச் சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி. கேரளாக்காரர்களின் கார்கள் வந்து அடைப்பதற்குள் போட்டோ எடுத்துவிட வேண்டும். மதியம் பிரானூர் பார்டரில் புரோட்டா, கோழி. சாயந்தரம் பண்பொழி திருமலைக் கோயில். இருட்டினதும் தென்காசிக் கோபுர வாசலில் காற்று வாங்க ஒரு மணி நேரம். மங்குஸ்தான் எந்தக் கடையில் வாங்கலாம், எவ்வளவு குறைத்துக் கேட்கலாம் என்பதுவரை எழுதிக் கொடுத்தார். அத்தனையும் பிசகாமல் நடந்தது. ஊர் பேர் தெரியாதவனுக்குக்கூட இவர் போட்டுக் கொடுக்கும் திட்டம் பிசகாது. தன் வீட்டுக்குப் போடுவதுதான் நோட்டிலேயே தங்கிவிடுகிறது.

அக்காவிடம், அதாவது அண்ணாச்சியின் வீட்டுக்காரம்மாவிடம், உங்களுக்கு எங்கே போக ஆசை என்று கேட்டேன். பன்னிரண்டு பேருக்கு இட்லி ஊற்றிக்கொண்டிருந்தார். "எனக்கு ஒரு எடத்துக்கும் போவ வேண்டாம் தம்பி. எல்லாரும் எங்கயாவது போய்த் தொலையட்டும். நான் ரெண்டு நாள் இந்த வீட்டுல தனியா இருக்கணும்." அந்த நோட்டில் எழுதப்படாத ஒரே திட்டம் இதுதான்.

நோட்டில் இருப்பதும் ஒருநாள் நடக்கத்தான் செய்கிறது. சாரல் ஓய்ந்து, விருந்தாளிகள் தீர்ந்து, ஓர் ஆயுத பூஜை லீவில் குடும்பத்தோடு கொடைக்கானல் கிளம்பினார். மலைப்பாதையில் வெள்ளி நீர்வீழ்ச்சியில் எல்லா வண்டியும் நிற்கும், இவர்கள் வண்டியும் நின்றது. மற்றவர்கள் போனைத் தூக்கினார்கள். அண்ணாச்சி இறங்கும்போதே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

சோளம் சுடுகிறவர் தடுத்தார். "சார், குளிக்க முடியாது. பாத்துட்டுப் போலாம்."

அண்ணாச்சி அருவியை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தார்.

"பொறவு என்னத்துக்கு விழுது?"