நீல அட்டைத் திருப்புகழ்

இங்கிலாந்தின் போக்குவரத்துத் துறையாருக்கும், அவர்தம் திருவாக்கைத் தலைமேற்கொண்டு நடத்தும் உள்ளூர் கவுன்சில் பெருந்தகைகளுக்கும் கோடி வணக்கம். மாற்றுத்திறனாளிகள் சென்றுசேரும் இடத்தருகிலேயே காரை நிறுத்த உதவும் ‘ப்ளூ பேட்ஜ்’ என்னும் நீல அட்டைச் சலுகைக்கு மூலச் சட்டம் 1970இல் பிறந்தது. கண்ணுக்குத் தெரியாத நோயும் நோயே என்று விதியில் எழுதி, 2019 ஆகஸ்ட் 30 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். மனம் நொந்தவர்களை 49 ஆண்டுகள் மட்டுமே காக்கவைத்த அந்தத் துரித கதியை என்னென்று வியப்பது!

அதனினும் வியப்பு அவர்களது கணக்குப் புலமை. மாற்றுத்திறனாளிகளுக்கான ‘பிப்’ (PIP) உதவித்தொகைக்குரிய மதிப்பீட்டில், கடும் மனவேதனையால் எந்தப் பயணமும் போக இயலாதவருக்கு 10 புள்ளி. அட்டை தானாகக் கிடைக்கும். வெளியே வரவே முடியாது என்று நிலைநாட்டியவருக்கே வெளியே இடம் என்பது எப்பேர்ப்பட்ட நுண்ணறிவு! புதிய வழியில் துணையின்றிச் செல்ல இயலாதவருக்கும் 10தான். ஆனால் அது வேறு பத்து. அதற்கு அட்டை தானாக வராது. பழகிய தெருவிலேயே துணையின்றி வழி போக முடியாதவருக்கோ 12 புள்ளி. அவருக்கும் வராது. பன்னிரண்டைப் பத்துக்குக் கீழே உட்காரவைத்த அந்த ஞானத்தின் முன் வாய்பொத்தி நிற்கிறோம்.

அவரைக் கைவிட்டுவிட்டார்கள் என்று எண்ணற்க. அன்போடு ஒரு விண்ணப்பப் படிவம் தருகிறார்கள். நடக்கையில் ‘மிகக் கணிசமான’ மனவேதனை உண்டாவதை அவர் காட்ட வேண்டும். வெறும் வேதனை எல்லோருக்கும் உள்ளதுதானே? காரின் கதவைத் திறந்ததும் நெஞ்சு படபடத்து, உள்ளங்கை வியர்த்து, மூச்சு முட்டி, வாங்க வந்ததை வாங்காமலே வீடு திரும்பிய நாட்களையெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுகூர்ந்து எழுதும் பேறு அவருக்கு வாய்க்கிறது. அந்த நோய் குறைந்தது 3 ஆண்டு நீடிக்கவும் வேண்டும். அட்டையின் ஆயுளோ அதிகபட்சம் 3 ஆண்டு. பிறகு புதிதாக விண்ணப்பிக்கலாம். பழைய துயரங்கள் மறந்துபோகாமல் காக்கும் பெருங்கருணை அது. இத்தனைக்கும் கட்டணம் அதிகபட்சம் வெறும் 10 பவுண்ட்.

அட்டையின் முகப்பில் சக்கர நாற்காலிச் சின்னத்தைப் பொறித்து, உரியவரின் படம் உள்ள பக்கத்தைக் கீழே கவிழ்த்து வைக்கச் செய்த அழகையும் சொல்ல வேண்டும். இரண்டு காலால் இறங்கி நிற்பவரைக் கண்டதும், “நன்றாகத்தானே நடக்கிறீர்கள்?” என்று நடுத்தெருவில் கேட்டு, ஊதியமின்றி மருத்துவப் பரிசோதனை நடத்தும் குடிமக்களின் தொண்டுள்ளம் இதனாலன்றோ மலர்கிறது! கூட்டத்துக்கு அஞ்சும் மனிதருக்கு அதைவிடச் சிறந்த மருந்து ஏது?

மணிமகுடமாக விளங்குவது மேல்முறையீட்டு நீதி. அட்டையைத் தவறாகப் பயன்படுத்தியதற்காக அதை இழந்தவர் அமைச்சரிடமே முறையிட வழி வைத்திருக்கிறார்கள். ‘உன் துயரம் போதாது’ என்று மறுக்கப்பட்டவருக்கு அந்த வழி இல்லை. மறுத்த கவுன்சிலிடமே திரும்பிப்போய், மீண்டும் ஒருமுறை பார்க்கும்படி பணிந்து கேட்டுக்கொள்ளலாம்.