குடை கொடுத்த கம்பெனி

சிறுதொழில் வளர வெளியாளைத் தலைவராக்கு, நல்ல கூட்டாளியைப் பிடி என்று இப்போது கட்டணம் வாங்கிக்கொண்டு சொல்லித் தருகிறார்கள். தூத்துக்குடியில் வ.உ.சி. எந்த வகுப்புக்கும் போகாமல் 1906இலேயே இதைச் செய்துவிட்டார். சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனிக்குத் தலைவர், மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர். கப்பல் ஓட்டப் புலவர், நல்லவேளை, ஜமீன்தாரும்கூட. ஹாஜி முகமது பக்கீர் சேட் 2 லட்ச ரூபாய்க்குப் பங்கு வாங்கினார். இத்தனையையும் கூட்டிய பிள்ளைவாளுக்கு என்ன பதவி? உதவிச் செயலாளர்! இன்று மூன்று பேர் இருக்கிற கடையில் நான்கு தலைமைச் செயல் அதிகாரிகள்.

கூட்டாளிதான் காலை வாரினார். குத்தகைக்குக் கப்பல் விட்ட ஷா லைன், போட்டிக் கப்பல் நிறுவனமான பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி கண்ணை உருட்டியதும் விலகிக்கொண்டது. பிறகு பிரான்சிலிருந்து சொந்தக் கப்பலே வந்தது. போட்டி முற்றி, வெள்ளைக்காரக் கம்பெனி கொழும்புப் பயணக் கட்டணத்தை ஒரு ரூபாயாக்க, சுதேசி எட்டணா என்றது. உடனே அங்கே இலவசப் பயணம், கூடவே ஒரு குடை! கொழும்பு மழைக்கு உதவுமே என்ற நல்லெண்ணம் போலும்.

1908இல் வ.உ.சி. சிறைக்குப் போனார், 1911இல் கம்பெனி கலைந்தது. கப்பல் ஒன்று அந்தப் போட்டியாளருக்கே விலைபோனது. இன்றைய ஆலோசகர் என்றால் இதையும் ‘வெற்றிகரமான கைமாற்றம்’ என்று ஸ்லைடு போட்டிருப்பார்.