பாய்லருக்குப் பட்டம் தெரியாது

கிள்ளான் பள்ளத்தாக்கில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்த பிள்ளை, பட்டமளிப்பு அங்கியைத் திருப்பிக் கொடுப்பதற்குள்ளாகவே "அடுத்து மாஸ்டர்ஸ்தானே?" என்று ஏதாவது ஒரு மாமா கேட்டுவிடுகிறார். வசதிக்கும் குறைவில்லை. செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகம், பாங்கியில் தேசியப் பல்கலைக்கழகம், ஷா ஆலாமில் யுஐடிஎம், காஜாங்கில் யுனிடென், சன்வேயில் மோனாஷ் என்று திரும்பிய பக்கமெல்லாம் இடம் இருக்கிறது. பிரிக்பீல்ட்ஸில் பசியாறிவிட்டு கேஎல் சென்ட்ரலில் எல்ஆர்டி ஏறினால், தோசை செரிப்பதற்குள் நான்காவது நிலையமாக 'யுனிவர்சிட்டி' வந்துவிடும். இறங்கினால் மலாயாப் பல்கலைக்கழகம். ஆனால் பக்கத்தில் இருக்கிறது என்பதற்காகப் படிப்பதென்றால், கோயில் வாசலில் குடியிருக்கிறவரெல்லாம் குருக்கள் ஆகியிருக்க வேண்டும். மாஸ்டர்ஸ் நல்ல படிப்புதான். என் கட்சி இவ்வளவுதான்: வேலைக்குப் போய், கையில் கரி பட்ட பிறகு படித்தால் அது படிப்பு, அதற்கு முன்னால் படித்தால் கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் இரண்டு எழுத்து.

முதலில் மரியாதைக் காரணத்தைப் பார்ப்போம். மாஸ்டர்ஸ் முடித்தால் பெரிய இன்ஜினியர் என்று குடும்பம் நம்புகிறது. சட்டம் அப்படி நம்பவில்லை. 1967ஆம் ஆண்டுப் பொறியாளர் பதிவுச் சட்டத்தின்கீழ் இயங்கும் மலேசியப் பொறியாளர் வாரியம், தொழில்முறைப் பொறியாளராகப் பதிந்து பெயருக்கு முன்னால் 'ஐ.ஆர்.' போட்டுக்கொள்ள விரும்புகிறவரிடம் கேட்பது அங்கீகாரம் பெற்ற இளங்கலைப் பட்டம், குறைந்தது மூன்றாண்டுத் தொழில் அனுபவம், அதன்மேல் ஒரு தொழில்முறைத் தேர்வு. பொறியியல் பட்டங்களை நாடுகள் பரஸ்பரம் ஏற்கும் வாஷிங்டன் உடன்பாட்டில் மலேசியா 2009இல் முழு உறுப்பினர் ஆனதும் இளங்கலைப் பட்டத்தை வைத்துத்தான். முதுகலை அங்கே நிபந்தனையே இல்லை. மாமாவுக்கு இதைச் சொன்னால் வாரியத்தைத்தான் சந்தேகப்படுவார்.

அடுத்து பாய்லர். கேரித் தீவுப் பக்கம் இருப்பது போன்ற செம்பனை ஆலைகளில், பழத்தைப் பிழிந்த பிறகு மிஞ்சும் நாரையும் ஓட்டையும் எரித்துத்தான் நீராவி எடுக்கிறார்கள். குலைகளை வேக வைப்பது அந்த நீராவிதான், டர்பைனைச் சுழற்றுவதும் அதுதான். அவ்வளவு அழுத்தத்தில் ஓடும் பாய்லரைப் பொறுப்பேற்று நடத்த, தொழிலிடப் பாதுகாப்பு சுகாதாரத் துறை வழங்கும் தகுதிச் சான்றிதழ் வேண்டும். பாய்லரின் அளவைப் பொறுத்து, சான்றிதழ் பெற்ற பாய்லர்மேன் அல்லது நீராவிப் பொறியாளர். முப்பது வயதில் முதுகலையும் முந்நூறு பக்க ஆய்வேடும் வைத்திருக்கிறவர் அந்தப் பாய்லர் முன்னால் சட்டப்படி ஒரு விருந்தாளி. சான்றிதழ் வைத்திருக்கும் பாய்லர்மேன் "தம்பி, அந்தக் கண்ணாடிக் குழாயைத் தொடாதீங்க" என்றால் கையை எடுத்துக்கொள்வதுதான் முறை. நீர்மட்டம் காட்டும் அந்தக் குழாயில் தண்ணீர் தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பது ஆய்வேட்டைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

சம்பளக் காரணத்துக்கு அதிக நேரம் வேண்டாம். அனுபவமில்லாத முதுகலைப் பட்டதாரி, ஒரு முதலாளியின் கண்ணுக்கு, அனுபவமில்லாத இளங்கலைப் பட்டதாரியைவிட அதிகச் சம்பளம் கேட்கக்கூடிய ஓர் ஆபத்து. அவ்வளவுதான்.

அப்படியானால் இந்தப் படிப்பு எதற்குத்தான் உதவுகிறது? ஒரு நல்ல காரியத்துக்கு உதவுகிறது, அதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சுவரில் ஒரு குழாயைத் தாங்கும் எல் வடிவ இரும்புத் தாங்கியை எடுத்துக்கொள்ளுங்கள். அதைக் கணினியில் வரைந்து, சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டி, பாரம் ஏற்றிக் கணக்குப் போடச் சொன்னால் திரையில் வண்ணப் படம் வரும். நீலம் என்றால் கவலையில்லை, சிவப்பு என்றால் தகைவு அதிகம். எல் எழுத்தின் உள்மூலை சிவப்பாக இருக்கும். நானூறு மெகாபாஸ்கல் என்று வைத்துக்கொள்வோம். கட்டங்களை இன்னும் பொடியாக வெட்டி மறுபடி கணக்கிட்டால் அதே மூலை அறுநூறு காட்டும். மேலும் பொடியாக்கினால் தொள்ளாயிரம். இரும்பும் அதேதான், பாரமும் அதேதான். கட்டத்தின் அளவு மட்டுமே மாறியிருக்கிறது. கூர்மையான உள்மூலையில் தகைவு எல்லையில்லாமல் ஏறும் என்பது அந்தக் கணிதத்தின் குணம். நிஜ இரும்பில் மூலை கொஞ்சமாவது வளைந்திருக்கும், உலோகமும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். நல்ல மாஸ்டர்ஸ் படிப்பு ஒருவருக்குக் கற்றுத்தருவது, முதலாளியே மெய்மறந்து பார்க்கும் அந்த வண்ணப் படத்தின் முன் நின்று "இந்த எண்ணை நான் நம்பவில்லை" என்று காரணத்தோடு சொல்லும் தைரியத்தை. விலைமதிப்புள்ள தைரியம்தான். ஆனால் நம்ப மறுப்பதற்குக் கையில் முதலில் ஓர் எண் இருக்க வேண்டும். உடைந்த தாங்கியைப் பார்த்தேயிராதவர் எதை நம்ப மறுப்பார்?

இதற்கு வில்லியம் ரேங்கின் என்ற பொறியாளரைவிட நல்ல சாட்சி கிடையாது. 1842இல் பிரான்சில் வெர்சாய் அருகே ஒரு ரயில் எஞ்சினின் அச்சு முறிந்து ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மறு ஆண்டே, ரயில் வேலையில் இருந்த இந்த இளம் ஸ்காட்லாந்துக்காரர், அச்சின் குறுக்களவு சட்டென்று மாறும் கூர்மூலையில்தான் விரிசல் பிறக்கிறது, அந்த இடத்தை வளைவாக்குங்கள் என்று எழுதினார். கணினியும் இல்லை, வண்ணமும் இல்லை. எடின்பரோ பல்கலைக்கழகத்தில் படித்த ரேங்கின் பட்டம் வாங்காமலே வெளியேறியவர். பிறகு 1855இல் கிளாஸ்கோவில் பேராசிரியரே ஆகிவிட்டார். இன்றைக்கு மாஸ்டர்ஸ் வகுப்பில் நீராவிக் கணக்குப் போடுகிறவர்கள் போடுவது ரேங்கின் சுழற்சியைத்தான். செம்பனை ஆலையின் பாய்லரும் டர்பைனும் ஓடுவதும் அதே அடிப்படையில்தான்.

அப்படியானால் பட்டமே வேண்டாமா என்று கேட்கலாம். ரேங்கினைக் காட்டிப் படிப்பைக் கைகழுவுவது சோம்பேறிகளின் வாதம். அவர் பட்டத்தைத்தான் விட்டார், கணிதத்தை விடவில்லை. முறிந்த அச்சு முதலில் வந்தது, ஆராய்ச்சி பின்னால் வந்தது என்ற வரிசைதான் எனக்கு முக்கியம். இன்னோர் ஆட்சேபம் நியாயமானது: பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்த, நடத்தும் பட்டத்தைவிட ஒரு படி மேலே படித்திருக்க வேண்டும். விரிவுரையாளர் ஆக விரும்புகிறவருக்கு நான் வழிவிட்டு நிற்கிறேன். "வேலை கிடைக்கவில்லை, சும்மா இருப்பதற்குப் படிக்கலாமே" என்பதும் புரிகிறது. ஆனால் அப்படிச் சேர்ந்தவருக்கு ஆய்வுத் தலைப்பை மேற்பார்வையாளர்தான் கொடுக்கிறார். அது பெரும்பாலும் முந்தைய மாணவர் மிச்சம் வைத்த தலைப்பு. "இப்போது விட்டால் கல்யாணத்துக்குப் பிறகு படிக்க முடியாது" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பகுதிநேரப் படிப்பு இருக்கிறது. தினமும் மாலையில் ஃபெடரல் நெடுஞ்சாலை நெரிசலில் கிள்ளானுக்குப் பொறுமையாகத் திரும்புகிறவருக்கு, வாரக் கடைசி வகுப்பு ஓய்வு.

மிச்சமிருப்பது, மாஸ்டர்ஸுக்கு ஜெர்மனி போகும் யோசனை. மாமாக் கடையில் ஒரு தே தாரேக் ஆறுவதற்குள் "அங்கே எல்லாம் இலவசம்" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். பல அரசுப் பல்கலைக்கழகங்களில் இன்றும் கல்விக் கட்டணம் இல்லைதான். ஆனால் இயந்திரத் துறைக்குப் பெயர்போன ஸ்டுட்கார்ட்டும் கார்ல்ஸ்ரூவும் இருக்கும் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களிடம் 2017 முதல் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்காலப் பருவத்தில் கட்டணம் வாங்கத் தொடங்கிவிட்டது. போகிறவர் போகட்டும். பெட்டியில் ஊறுகாயோடு ஒரு கேள்வியையும் வைத்துக்கொண்டு போனால் சரி.

ஆகவே விண்ணப்பப் படிவத்தைத் திறப்பதற்குமுன் ஒரு வெள்ளைத் தாளில் எழுதிப் பாருங்கள்: எந்த இயந்திரம், அதில் எந்தக் கோளாறு, ஏன் அது உங்கள் தூக்கத்தைக் கெடுக்கிறது. மூன்றும் ஒரே வரியில் வந்துவிட்டால் நாளைக்கே விண்ணப்பியுங்கள். வராவிட்டால், முதல் பருவக் கட்டணத்தைப் பழைய மைவி கார் ஒன்றுக்கு முன்பணமாகக் கட்டி, அதில் ஏறி வேலைக்குப் போங்கள். ஒரு வருடத்துக்குள் கோளாறு தானாகக் கிடைக்கும். ஆலையில் இல்லாவிட்டால் மைவியில்.