எமகண்டத்துல ஒரு மீட்டிங்கு

யய்யா பேராண்டி, காலையில ஒங்க ஆச்சி இட்லித் தட்டக் கையில வச்சுக்கிட்டு மச்சுப் படியில ரொம்ப நேரம் நின்னாளாம். நீ காதுல மாட்டுனதக் கழட்டாம, கைய மட்டும் ஆட்டிப் ‘பெறகு, பெறகு’ன்னு வெரட்டுனியாம். “பிள்ளைக்குத் திங்கக்கூட நேரமில்ல”ன்னு அவ எங்கிட்ட வந்து சொல்லும்போது கண்ணுல தண்ணி. எனக்குச் சிரிப்பு வந்துட்டு. ஒனக்கு விழ வேண்டிய வசவும் சேந்து எனக்கே விழுந்துச்சு.

நேரமில்லன்னு சொல்லுதது குத்தமில்லய்யா. நானும் காலமெல்லாம் அந்தச் சோலியத்தான் பாத்தேன். ஆனா சொல்லுததுக்கு ஒரு மொறை வேண்டாமா? ‘நேரமில்ல’ன்னு நீ சொன்னா, அய்யோ பாவம்னு பாக்காக. ‘நேரம் சரியில்ல’ன்னு நான் சொன்னா, “பெரியவரு சொன்னாச் சரியாத்தான் இருக்கும்”னு திரும்பிப் போயிருதாக. ரெண்டு பேரும் வேலை செய்யல. ஆனா எனக்கு மட்டும் மருவாதி.

அந்தா செவுத்துல தொங்குதே, தேதி கிழிக்கிற காலண்டரு, ஜவுளிக் கடைக்காரன் குடுத்தது. அதுல நீ தேதியத் தவிர வேறெதையும் பாக்க மாட்ட. நானெல்லாம் தேதியத்தான் கடைசியாப் பாப்பேன். அது என்ன தெரியுமா? நவக்கிரகமும் கையெழுத்துப் போட்ட லீவு லெட்டரு, வருசம் முழுமைக்கும் ஒரே கட்டா, சிவகாசியில அச்சடிச்சு வருது. ஆடிப்பெருக்கு அன்னைக்கே அங்க அடுத்த வருசக் காலண்டருக்கு ஆல்பம் போட்டுருதாக. ஆக, வாற வருசம் மாசியில ஒரு புதன்கெழம மத்தியானம் நான் வேலை பாக்கப்படாதுங்கிறது இந்த ஆடியிலயே முடிவாயிப் போச்சு. நீ அடுத்த வாரத்துக்கு லீவு கேட்டா ‘பாப்போம்’னு பதில் வருதாமே? எங்க ஆபீசு சுறுசுறுப்பு எங்க, ஒங்க ஆபீசு எங்க!

கணக்கச் சொல்லுதேன், கேளு. ஒனக்குத்தான் கணக்கு நல்லா வருமே. பொழுது ஆறுக்கு விடிஞ்சு ஆறுக்கு அடையிதுன்னு வச்சுக்க. பன்னெண்டு மணி நேரம். அத எட்டாப் பங்கு வச்சா ஒரு பங்கு ஒண்ணரை மணி. அதுல ராகுவுக்கு ஒண்ணு, எமகண்டத்துக்கு ஒண்ணு, குளிகைக்கு ஒண்ணு. பங்காளிக சண்டை போடாம எந்தக் காலத்துலயோ பிரிச்சு வச்சுட்டுப் போயிட்டாக. திங்கக்கெழம ராகு ஏழரைக்கு வருவான். சனிக்கெழம ஒம்பதுக்கு. வெள்ளிக்கெழம பத்தரை. ஞாயித்துக்கெழம சாவகாசமா சாயங்காலம் நாலரைக்கு. வாரம் பூராத் தேடிப் பாரு, காலையில ஆறுலருந்து ஏழரைக்குள்ள ஒருநாளும் ராகு காலம் கெடையாது. ஊரே பயப்படுத ராகுவே விடிஞ்சதும் வேலைக்கு வாறதில்ல. ஒனக்கு ஆறு மணிக்கு மீட்டிங்கு! கேட்டா, அமெரிக்காக்காரனுக்கு அப்பத்தான் சாயங்காலமாம். அவன் சாயங்காலத்துக்கு நீ ஏன் விடியக்காலம் பல்லு வெளக்கணும்?

ராகுங்கிறது ஒடம்பில்லாத நிழல் கிரகம்னு சோசியக்காரக சொல்லுவாக. ஆகாசத்துல தேடுனாலும் தட்டுப்படாது, ஆனா ஆளப் புடிச்சு ஆட்டும். ஒங்க மேனேஜரும் கேமராவ அணைச்சு வச்சுட்டுத்தான் பேசுதாராமே? நீ நேர்ல பாத்ததே இல்லங்க. எனக்கு அந்தாள் மேல ஒரு சந்தேகம் இருக்கு. சரி, விடு.

2023-ல இன்போசிசு நாராயணமூர்த்தி, இளவட்டங்க வாரத்துக்கு 70 மணி நேரம் ஒழைக்கணும்னாரு. பெரிய மனுசன் சொன்னத நான் தட்டல. காலண்டரக் கையில எடுத்துக்கிட்டுக் கூட்டிப் பாத்தேன். ஏழு நாளும் பகல் பன்னெண்டு மணி நேரம்னா 84. ராகுவுக்கு வாரத்துல பத்தரை மணி, எமகண்டத்துக்குப் பத்தரை மணி. கழிச்சா மிச்சம் 63. 70-க்கு ஏழு மணி நேரம் இடிக்கி. அந்த ஏழு மணி நேரத்த ஒண்ணு ராத்திரியிலருந்து திருடணும், இல்ல எமகண்டத்துக்குள்ள கால வைக்கணும். அவரு எத வச்சுச் சொன்னாரோ தெரியல, பஞ்சாங்கத்த வச்சுச் சொல்லல. இன்னும் நான் குளிகையக் கழிக்கல, சோத்து நேரத்தக் கழிக்கல, மத்தியானம் கண்ணசருத நேரத்தக் கழிக்கல. அதெல்லாம் கழிச்சா எனக்கே வெக்கமா இருக்கும்.

அதே 2023-ல, ஏப்ரல் மாசம், நம்ம சட்டசபையில பன்னெண்டு மணி நேர வேலைக்கு வழி பண்ணுத மாதிரி ஒரு மசோதா போட்டாக. ஊரெல்லாம் சத்தம். மே தினத்தன்னைக்கு வாபஸ்னு அறிவிச்சாச்சு. அந்த மே தினத்துக்கு ஒரு விசேசம் உண்டு. 1923 மே 1-ல சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில கூட்டம் போட்டு, இந்தியாவுலயே மொதல் மொதலா மே தினம் கொண்டாடி, சரியா நூறு வருசம். இந்த நாளுக்கு லீவு விடணும்னு அன்னைக்கே அந்த மனுசன் கேட்டிருக்காரு. நூறு வருசமாப் போராடிப் போராடி ஒரு மசோதாவ மடக்குனாக. நீ ஒரு மசோதாவும் இல்லாம, ஒரு கையெழுத்தும் இல்லாம, மச்சுல ஒக்காந்துக்கிட்டுப் பதினாலு மணி நேரம் பாக்க. கேட்டா ‘வீட்லருந்துதான தாத்தா வேலை’ங்க. வீட்லருந்து வேலைன்னாகளா, வேலையிலருந்தே வீட்டுக்கு வராதன்னாகளா?

குளிகைன்னேன்ல, அதுல மட்டும் நீ சாக்கிரதையா இருக்கணும். குளிகையில செஞ்ச காரியம் திரும்பத் திரும்ப நடக்கும்னு ஐதீகம். அதனால நக நட்டு வாங்கலாம், கடன அடைக்கலாம். துட்டிக் காரியமும் கடன் வாங்குததும் ஆகாது. நீ அந்த மாடிவீட்டுக்குப் பேங்குல கையெழுத்துப் போட்டியே, அது செவ்வாக்கெழம மத்தியானம் பன்னெண்டரை. அன்னைக்குக் குளிகை பன்னெண்டுலருந்து ஒண்ணரை. நான் சொல்லத்தான் செஞ்சேன், நீ சிரிச்ச. இப்பம் பாரு, மாசாமாசம் அஞ்சாந்தேதி திரும்பத் திரும்ப நடக்குதா இல்லையா? இருவது வருசத்துக்கு 240 தடவ நடக்கும். குளிகைக்கு இதுக்கு மேல என்ன ருசு வேணும்?

போன வாரம் ஒன் செல்லுல ஒரு தக்காளிப் படத்தக் காட்டுன. இருவத்தஞ்சு நிமிசம் வேலை, அஞ்சு நிமிசம் ஓய்வு, பெறகு மணியடிக்கும்னு பெருமையாச் சொன்ன. பிரான்செஸ்கோ சிரில்லோன்னு ஒரு இத்தாலிக்காரரு, 1980-கள்ல காலேஜுல படிக்கும்போது, அடுப்படியில வைக்கிற தக்காளிக் கடியாரத்த முறுக்கி வச்சுப் படிச்சுக் கண்டுபுடிச்சாராம். நல்லாருக்கட்டும். நம்மகிட்ட நாழிகைன்னு ஒண்ணு கெடந்துச்சே, இருவத்துநாலு நிமிசம், நாளைக்கு அறுவது நாழிகை, அதுக்கும் இதுக்கும் ஒத்த நிமிசந்தான் வித்தியாசம். அந்த ஒத்த நிமிசத்தக் கூட்டிப் போட்டு ஒரு தக்காளியவும் வச்சு அவரு ஒலகம் பூராவும் பரப்பிட்டாரு. நாம நாழிகையக் கல்யாணப் பத்திரிகையில அச்சடிச்சுட்டுச் சும்மா இருந்துட்டோம். ஆனா ஒண்ணு. தக்காளிக்காரரு குடுக்குத ஓய்வு அஞ்சு நிமிசம். ராகு குடுக்குதது மூணே முக்கா நாழிகை, முழுசா ஒண்ணரை மணி. எந்த மொதலாளி தேவலைன்னு நீயே பாத்துக்க.

மேனேஜருகிட்ட சொல்லுததுக்கும் ஒரு யோசனை வச்சுருக்கேன். சந்திராஷ்டமம். நம்ம ராசிக்கு எட்டாவது ராசியில சந்திரன் வந்து தங்குத நாளு, மாசத்துக்கு ரெண்டேகால் நாள் வரும். அன்னைக்குப் பேச்சக் கொறைக்கணும், புதுசா ஒண்ணத் தொடங்கப்படாது, வம்புக்குப் போகப்படாது. இன்னைக்கு யாருக்குன்னு நட்சத்திரத்தோட காலண்டர்லயே போட்டிருப்பான். எனக்கும் ஒங்க ஆச்சிக்கும் இத்தன வருசம் குடும்பம் ஓடுனதே இதாலதான். நான் கத்துனா ‘அவுகளுக்குச் சந்திராஷ்டமம்’னு அவ போயிருவா. அவ கத்துனா ‘அவளுக்குச் சந்திராஷ்டமம்’னு நான் வேப்பமரத்தடிக்குப் போயிருவேன். மாசம் முப்பது நாளும் சந்திராஷ்டமம் எப்பிடி வரும்னு ரெண்டு பேரும் கேட்டுக்கிட்டதில்ல. நீ இத ‘ஸ்ட்ரெஸ்’னு சொல்லி டாக்டருகிட்ட சீட்டு வாங்குத. பழி ஒன் ஒடம்பு மேல விழுது. எங்க ஏற்பாட்டுல பழி நெலா மேல. அது வந்து ஒங்க கம்பெனியில வெளக்கம் குடுக்கவா போகுது?

இம்புட்டும் தெரிஞ்ச தாத்தா ஏன் இன்னைக்குக் காலையில ரேசன் கடைக்குப் போயி இருவது கிலோ அரிசிய சைக்கிள்ல வச்சு உருட்டிக்கிட்டு வந்தாருன்னு நீ கேக்கலாம். கேளு. ரேசன் கடை ஊருக்கு வடக்க. இன்னைக்குச் செவ்வா. செவ்வாயும் புதனும் வடக்க சூலம், அந்தத் தெசையில போகப்படாது. சொன்னேன். ஒங்க ஆச்சி ஒண்ணும் பேசல. உள்ள போனா, ஒரு தம்ளர் பாலோட வந்தா. “வடக்குச் சூலத்துக்குப் பரிகாரம் பாலு. காலண்டர்ல போட்டிருக்கு. குடிச்சுட்டுக் கெளம்புங்க”ன்னா. அந்தச் சிவகாசிக்காரன் பண்ணுன காரியத்தப் பாத்தியா? லீவு லெட்டருக்குக் கீழயே லீவ ரத்து பண்ணுததுக்கும் வழி அச்சடிச்சு வச்சுருக்கான். கிழக்கன்னா தயிரு, மேக்கன்னா வெல்லம், தெக்கன்னா எண்ணெ. நாலு தெசைக்கும் அவ கையில சரக்கு இருக்கு. அதுலயும் பால்ல சீனி போடல.

நீ கெட்டிக்காரன், இன்னொண்ணும் கேப்ப. வெதைக்கும்போது இதெல்லாம் பாத்தீரான்னு. பாக்கலய்யா. இந்தக் கரிசக்காட்டுல புரட்டாசி கடைசியில ஒரு மழை விழும். விழுந்த மறுநா கால வச்சா முழங்கால் வரைக்கும் மண்ணு ஏறும். ரெண்டு நாள் கழிச்சுப் பதம் வரும். அந்தப் பதம் எத்தன நாளைக்கு நிக்கும்னு காத்துக்கும் வெயிலுக்குந்தான் தெரியும். அன்னைக்கு ராகு வந்து வரப்புல நின்னாக்கூட ‘செத்த தள்ளி நில்லும்’னுட்டு வெதச்சுட்டுத்தான் போவோம். மாடு கன்னு போடும்போது யாரும் எமகண்டம் பாத்ததில்ல. பருத்தி போட்ட காசு வாங்க ஏவாரி வீட்டுக்குப் போகும்போது சூலம் எந்தப் பக்கம்னு நான் கேட்டதே இல்ல. கடன் கேட்டு எவனாச்சும் நம்ம வாசப்படி ஏறுனா மட்டும் எனக்கு வெள்ளிக்கெழம நெனப்பு வரும், வெளக்கு வச்ச நேரம் நெனப்பு வரும்.

ஒங்க கம்பெனிச் சோலியில எது வெதப்பு, எது ரேசன் கடைன்னு எனக்குத் தெரியாது. ஒனக்காச்சும் தெரியுமான்னு ஒரு நாளு ஒக்காந்து யோசி. காலையில ஆச்சி இட்லியோட நின்னப்போ என்ன மீட்டிங்குன்னு கேட்டதுக்கு, ‘நாளைக்கு நடக்குத மீட்டிங்குல என்ன பேசணும்கிறதுக்கு மீட்டிங்கு’ன்னியே. அது காலையில ஒம்பதரைக்கு. செவ்வாக்கெழம ஒம்பதுலருந்து பத்தரை எமகண்டம். எமகண்டத்துல ஆரம்பிச்சது வெளங்காதும்பாக. வெளங்குச்சா?

அந்தா, ஆச்சி கூப்பிடுதா. கோழிக்கூட்டுக் கதவுக்கு ஆணி அடிக்கணுமாம். மணி என்ன ஆச்சு, ஒன் கைக்கடியாரத்தப் பாத்துச் சொல்லு. மூணு அடிச்சு அஞ்சு நிமிசமா? அப்பம் சரி. செவ்வாக்கெழம மூணுலருந்து நாலரை ராகு காலம், ஆணியத் தொடப்படாது. புதுசா ஆரம்பிக்கத்தான் கூடாது, ஏற்கெனவே ஆரம்பிச்சதத் தொடருததுக்குத் தோசமில்ல. மத்தியானம் சாப்பிட்டுட்டு ஆரம்பிச்ச தூக்கம் ஒண்ணு, நீ வந்து எழுப்புனதுல பாதியில கெடக்கு. அத முடிச்சுட்டு வாறேன். ஆச்சி கேட்டா, தாத்தா மீட்டிங்குல இருக்காருன்னு சொல்லு.