வாயில் மறுத்தல்: எஸ்எஸ்எச் ஊடல் குறித்த ஓர் ஆய்வு

பரத்தையிடம் போய்த் திரும்பிய தலைவனைத் தலைவி வாசலிலேயே நிறுத்திவைப்பதை ‘வாயில் மறுத்தல்’ என்னும் துறையாக்கி மருதத்தில் வைத்தது அகப்பொருள் மரபு. இத்துறை சங்க காலத்தோடு வழக்கொழிந்தது என்பாரும் உளர். அவர்கள் நள்ளிரவு இரண்டு மணிக்கு சர்வரில் லாகின் ஆக முடியாமல் கருந்திரையை வெறித்திருக்கும் சிஸ்டம் அட்மினைக் கண்டதில்லை என்க.

வாயிலின் எண் 22. 1995இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் எவரோ ஒளிந்திருந்து பாஸ்வேர்டுகளைத் திரட்டிவிட, அங்கிருந்த டாட்டு யுலோனென் எஸ்எஸ்எச்சை இயற்றினார். எஃப்டிபியின் 21க்கும் டெல்நெட்டின் 23க்கும் நடுவே காலியாகக் கிடந்த எண்ணைக் கேட்டு வாங்கினார். டெல்நெட்டோ பாஸ்வேர்டை ஊரறியக் கூவிக்கொண்டு போகும் வெள்ளந்தி. களவொழுக்கம் அறியாத அது நம் ஆய்வெல்லைக்குள் வராது.

‘கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட்’ என்று கண்டதும் இளையோர் கலங்குவர். கலங்க வேண்டியதில்லை. நாம் அனுப்பிய பாக்கெட் போய்ச் சேர்ந்திருக்கிறது, பதிலும் வந்திருக்கிறது, வழியில் குறையில்லை. அந்தப் போர்ட்டில் காது கொடுக்க ஆளில்லை, அவ்வளவே: எஸ்எஸ்எச்டி படுத்திருக்கலாம், அல்லது முன்பிருந்த அட்மின் 2222க்கு மாற்றிவிட்டுச் சொல்லாமல் வேலையை விட்டுப் போயிருக்கலாம். முகத்துக்கு நேரே திட்டுகிறவள் இன்னும் உறவில்தான் இருக்கிறாள்.

கொடியது ‘டைம்ட் அவுட்’. இங்கே ஃபயர்வால் பாக்கெட்டை வாங்கிக் குப்பையில் போட்டுவிட்டு வாய் திறவாமல் இருக்கும். தலைவனின் லினக்ஸோ, பழைய கர்னலானால், 1, 2, 4, 8 என்று நொடிக்கணக்கை இரட்டித்து இரட்டித்துக் கதவைத் தட்டும். 127 நொடி கழித்தே மனம் தளரும். இருத்தல் உரிப்பொருளாதலின் இதனை முல்லைக்கு நகர்த்த வேண்டும் என்பது என் கருத்து. இருப்பது தலைவன் என்பதே புதுமை.

சில வேளை ஊடுவது நம் பக்கமே. சர்வரை மறுபடி இன்ஸ்டால் செய்தால் அதன் ஹோஸ்ட் கீ மாறிவிடும். உடனே நம் கணினி திரை முழுக்க ‘@’ குறிகளை அடுக்கி, பெரிய எழுத்தில், யாரோ கெட்ட காரியம் செய்வதாக அலறும். புது கீ உண்மையானதுதானா என்று சர்வர்காரரிடம் கேட்டுவிட்டுப் பழைய ஒரு வரியை நீக்குவது முறை. நோன்_ஹோஸ்ட்ஸ் கோப்பையே அழித்துவிடுவோரும் உளர். அவரைப் பற்றி ஆய்வுலகம் பேசுவதில்லை.

ஆழமானது ‘பெர்மிஷன் டினைட்’. ஏன் என்று சொல்லாது. அப்படி ஒரு யூசரே இல்லையென்றாலும், பாஸ்வேர்ட் தவறென்றாலும் ஒரே பதில்தான். பிரித்துச் சொன்னால் திருடனுக்குப் பாதி வேலை மிச்சம். உபுண்டு இமேஜில் ‘உபுண்டு’ என்றும் அமேசான் லினக்ஸில் ‘இசி2-யூசர்’ என்றும் பெயர் சொல்ல வேண்டும் என்பதை மறந்து ‘அட்மின்’ என்று அழைத்தோர் பலர். சர்வரில் உள்ள ஹோம் ஃபோல்டரில் பிறரும் எழுதலாம் என்றிருந்தால், உள்ளே பதிந்துவைத்த கீயை எஸ்எஸ்எச்டி நம்பாது. இந்தச் சந்தேகத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இதற்கு நெருங்கிய உறவான இன்னொன்று மருதத்தின் உச்சம். தலைவனின் எஸ்எஸ்எச் ஏஜென்ட்டில் அலுவலகம், பழைய அலுவலகம், கிட்ஹப் என ஏழு கீ கிடக்கும். அத்தனையையும் அது வரிசையாக நீட்டும். சர்வரின் இயல்பான பொறுமை ஆறு. சரியான கீ ஏழாவதாக நிற்கும். கண்ட வீட்டுச் சாவிகளையெல்லாம் ஒவ்வொன்றாகக் காட்டினால் எந்தத் தலைவி பொறுப்பாள்? ‘ஐடென்டிட்டீஸ்ஒன்லி’ என்று ஒரு வரி எழுதி, உரிய கீயையும் குறித்துவைத்தால் ஒழுக்கம் திரும்பும்.

தோழியாக வருபவள் ‘-வி’. மூன்று முறை சேர்த்தால் மிக விரிவாகப் பேசுவாள். ஆனால் அவள் அறிந்தது வாசலில் நடந்தது மட்டுமே. தலைவியின் நெஞ்சம் பழைய டெபியனில் ஆத்.லாக், ரெட் ஹாட்டில் செக்யூர் என்னும் கோப்பில் இருக்கிறது. அதைப் படிக்க லாகின் ஆக வேண்டும்! கன்சோல் வைத்திருப்போர் புறக்கடை வழியே போய்ப் பார்ப்பர்.

எஞ்சியிருப்பது ஆய்வாளர் பூசல். அட்மின் ஒருவர் ஆத்திரத்தில் பாஸ்வேர்டை ஐந்து முறை தப்பாக அடித்தார் என்று கொள்வோம். காவலாளியான ஃபெயில்2பேன், அமைப்பு எதுவும் மாற்றப்படாதிருந்தால், அவர் ஐபியைப் பத்து நிமிடம் ஒதுக்கிவைக்கும். வெளியே தெரிவதென்னவோ அதே ‘ரெஃப்யூஸ்ட்’. மேற்சொன்ன என் கொள்கைக்கு இது இடையூறே. நெட்வொர்க் அணியார் ‘எங்க பக்கம் போர்ட் திறந்துதான் இருக்கு’ என்பர். சர்வர் அணியார் ‘சர்வீஸ் ஓடிக்கிட்டுதான் இருக்கு’ என்பர். இரண்டும் உண்மை. மீட்டிங் கூடும். மேலாளர் வந்து உட்கார்ந்து, ஸ்கிரீன் ஷேர் ஆகி, ‘இப்ப ட்ரை பண்ணுங்க’ என்பதற்குள் பத்து நிமிடம் முடிந்திருக்கும். இரு அணியாரும் தத்தம் டிக்கெட்டில் ‘சரிசெய்யப்பட்டது’ என்று எழுதி மூடுவர்.