அமுக்கிப் பார்ப்பவர்கள்

போன ஞாயிறு காலை எங்கள் வீட்டு வெஸ்டர்ன் டாய்லெட் அடைத்துக்கொண்டது. அடைப்பை எடுப்பது எப்படி என்று எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். வெந்நீர், பிளஞ்சர் எல்லாவற்றுக்கும் வருகிறேன். அதற்கு முன்னால் ஒன்று கேட்க வேண்டும். அடைத்திருக்கிறது என்று சொன்னால் ஏன் ஒருவரும் நம்புவதில்லை?

"உள்ள போகாதே, அடைச்சிருக்கு" என்றேன் மகனிடம். "அப்படியா?" என்று நேரே போய் ஃப்ளஷை அமுக்கினான். தண்ணீர் விளிம்புக்கு ஒரு விரற்கடை கீழே வந்து நின்றது. "ஆமாப்பா, அடைச்சிருக்கு" என்று ஊர்ஜிதம் செய்துவிட்டுப் போனான்.

அடுத்து மனைவி. "நீங்க அரைகுறையா அமுக்கியிருப்பீங்க." முழுசாக அமுக்கினாள். எங்கள் டாங்கில் சின்னப் பொத்தானுக்கு 3 லிட்டர், பெரியதற்கு 6. சென்னையில் தண்ணீர் லாரிக்கு வரிசையில் நின்ற 2019 கோடையிலேயே சின்னதைத் தொடாத குடும்பம் இது. இப்போது விளிம்பு.

லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, மாப்பும் கையுமாக விளக்கினேன். 1775இல் லண்டனில் அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரக்காரர் காப்புரிமை வாங்கிய வளைவுக் குழாய்தான் டாய்லெட்டுக்கு அடியில் இருப்பது. நாற்றம் மேலேறாமல் இருக்க அதில் எப்போதும் தண்ணீர் நிற்கும். சிக்குகிற பொருளும் பெரும்பாலும் அங்கேதான் சிக்கும். மேலே ஊற்ற ஊற்ற நமக்கேதான் திரும்பி வரும். மாமனார் கவனமாகக் கேட்டார். ரிட்டயர்டு எஞ்சினியர். "ஃப்ளோ பாத்தாத்தான் மாப்பிள்ளை தெரியும்" என்று அமுக்கினார். ஃப்ளோ என் கணுக்கால் வரை வந்தது.

மாமியார் அமுக்கவில்லை. பிளீச்சிங் பவுடரோடு வந்தார். ஏற்கெனவே ஆசிட் கிளீனர் ஊற்றியிருந்த இடம். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு. 1915இல் ஈப்ரு போர்முனையில் ஜெர்மன்காரர்கள் திறந்துவிட்டது அதைத்தான். டப்பாவைப் பிடுங்கிவிட்டேன். அதிலிருந்து அவர் என்னோடு பேசுவதில்லை.

மாடி வீட்டுக்காரரிடம் பிளஞ்சர் கடன் கேட்டேன். கூடவே அவரும் வந்துவிட்டார். ரப்பர் தண்ணீருக்குள் மூழ்கி ஓட்டையை முழுக்க மூட வேண்டும், காற்று புகுந்தால் பிடிப்பு போய்விடும் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, "ஒரே ஒரு தடவை அமுக்கிப் பாக்கலாமா சார்?" என்றார். அனுமதி கேட்ட ஒரே ஆள் அவர்தான். பதிலுக்குத்தான் காத்திருக்கவில்லை.

தெருமுனையில் இருப்பதாகக் காலையிலேயே சொன்ன பிளம்பர் சாயங்காலம் வந்தார். எட்டிப் பார்த்துவிட்டு, "ஃப்ளஷை யாரும் அமுக்கலையே?" என்றார்.

"சேச்சே" என்றார் மாமனார்.