வடம் பிடித்தவர்கள், படம் பிடித்தவர்கள்

டீம் லீடர், சோழிங்கநல்லூர்: ஆறு பேர் செய்த வேலைக்கு இப்போது பத்துப் பேர். ஆனால் முன்பைவிடத் தாமதம். என்ன மர்மம்?

மர்மமெல்லாம் இல்லை. மாக்ஸ் ரிங்கல்மன் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் ஆட்களைக் கயிறு இழுக்கவைத்து அளந்து, 1913-இல் முடிவை வெளியிட்டார். ஆள் கூடக் கூட, தலைக்கு இழுக்கும் பலம் குறைந்துகொண்டே போனது. எட்டுப் பேர் சேர்ந்தபோது ஒவ்வொருவரும் போட்டது ஏறக்குறைய பாதி பலம்தான். எல்லோரும் ஒரே நொடியில் இழுக்காதது ஒரு காரணம். அதற்குத்தான் திருவாரூரில் தேர் இழுக்கும்போது ‘ஆரூரா, தியாகேசா’ என்று ஒரே குரல். இன்னொரு காரணம், ‘பக்கத்தில் இருப்பவன் இழுப்பான்’ என்கிற ஆழ்ந்த இறைநம்பிக்கை.

ரிங்கல்மன் நம் ஊர்த் தேரோட்டத்தைப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால், வடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, செல்ஃபி எடுத்துவிட்டு நடையைக் கட்டுபவருக்குத் தனி அத்தியாயம் ஒதுக்கியிருப்பார்.

இன்னொரு டீம் லீடர், கோவை: எங்கள் டீமில் ஒருவர் எதற்கெடுத்தாலும் முட்டுக்கட்டை போடுகிறார். கழற்றிவிடலாமா?

அவசரப்படாதீர்கள். திருவாரூர் ஆழித்தேர் அலங்காரத்தோடு 96 அடி உயரம், சுமார் 300 டன் எடை. இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் திருச்சி ‘பெல்’ உபயம். இருந்தும், வீதி முனையில் தேர் திரும்ப வேண்டுமானால் சக்கரத்தடியில் கட்டை செருகுபவர் வந்தாக வேண்டும். ஆயிரக்கணக்கானவர்கள் முன்னால் பார்த்து இழுக்கும்போது, அவர் மட்டும் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு குனிந்தபடி நகர்கிறார். கட்டையை வைத்துவிட்டுக் கையை எடுக்க ஒரு நொடி தாமதித்தால், கை இல்லை.

உங்கள் ஆள் சக்கரத்தைப் பார்த்துக் கட்டை போடுகிறாரா, உங்கள் முகத்தைப் பார்த்துப் போடுகிறாரா? முதலாவது என்றால் சம்பளத்தைக் கூட்டுங்கள்.

புது மாப்பிள்ளை, மதுரை: மனைவிக்கு ‘தேங்க்ஸ்’ சொன்னால், ‘என்ன காரியம் ஆகணும்?’ என்கிறாளே?

இதுவரை எப்போதெல்லாம் சொன்னீர்கள் என்று கணக்கு வைத்திருக்கிறாள், தம்பி.

ஒன்பதாம் வகுப்பு மாணவி, ஏற்காடு: எவரெஸ்ட் உச்சியில் முதலில் கால் வைத்தது ஹிலாரியா, டென்சிங்கா?

ஹிலாரிதான் கண்ணு. ‘சேர்ந்துதான் ஏறினோம்’ என்று இருவரும் மழுப்பிக்கொண்டிருந்தார்கள். 1955-இல் டென்சிங்கே தன் சுயசரிதையில் போட்டு உடைத்தார்.

இதைவிட ருசியான சங்கதி ஒன்று உண்டு. அவர்கள் ஏறுவதற்கு மூன்று நாள் முன்னால், 1953 மே 26-ஆம் தேதி, அதே குழுவைச் சேர்ந்த போர்டிலனும் எவன்ஸும் தெற்குச் சிகரம்வரை போய்விட்டார்கள். உச்சிக்கு இன்னும் சுமார் 100 மீட்டர். ஆக்ஸிஜன் கருவி மக்கர் செய்தது, நேரமும் கடந்துவிட்டது. திரும்பினார்கள். திரும்பும்போது, கொஞ்சம் காற்று மீதமிருந்த இரண்டு சிலிண்டர்களை வழியில் விட்டுவிட்டுப் போனார்கள். மே 29-ஆம் தேதி வரலாறு படைத்த இருவரும் இறங்கும்போது மூச்சுக்குத் துணையாக இருந்தவை அவைதான்.

உன் பொது அறிவுப் புத்தகத்தில் போர்டிலன், எவன்ஸ் பெயர்கள் இருந்தால் காட்டு. மாமா கணக்கில் ஒரு டப்பா கடலை மிட்டாய்.

ஜெராக்ஸ் கடை ஊழியர், திருநெல்வேலி: நாள் முழுக்க அடுத்தவர் நோட்ஸை நகல் எடுக்கிறேன். நான் எப்போது படிப்பது?

நகல் எடுக்கும்போதே! மைக்கேல் ஃபாரடே லண்டனில் ஒரு பைண்டிங் கடையில் தொழில் பழகிய பையன். பைண்டிங்குக்கு வந்த புத்தகங்களைப் படித்துப் படித்தே ஆளானவர். அவற்றில் ஒன்று, ஜேன் மார்செட் என்ற அம்மையார் உரையாடல் வடிவில் எழுதிய வேதியியல் நூல். முதலில் வந்தபோது அதில் எழுதியவர் பெயர்கூட இல்லை. பிற்காலத்தில் உலகமே ஃபாரடேயைக் கொண்டாடியபோது, அவர் தன் ஆய்வுக் கட்டுரைகளை அந்த அம்மையாருக்கு நன்றியோடு அனுப்பிவைத்தார்.

மின்காந்தத் தூண்டலை அவர் கண்டுபிடித்தது 1831-இல். உங்கள் மெஷினுக்குக் கரண்ட் வருவது அந்தப் புண்ணியத்தில்தான். எனவே தைரியமாகப் படியுங்கள். வரிசையில் நிற்பவர் கத்தினால் ஃபாரடே பெயரைச் சொல்லிப் பாருங்கள். அதற்கும் கத்தினால் நகல் எடுங்கள்.

கிரிக்கெட் பைத்தியம், சேப்பாக்கம்: 1983 உலகக் கோப்பையில் கபில் தனி ஆளாகத்தானே ஜிம்பாப்வேயைச் சாத்தினார்?

17 ரன்னுக்கு 5 விக்கெட். அங்கிருந்து கபில் 175 நாட் அவுட். ஒப்புக்கொள்கிறேன், கும்பிடுகிறேன். ஆனால் 140-க்கு 8 விக்கெட் விழுந்தபின் எதிர்முனையில் நின்றது யார்? சையது கிர்மானி. ஒன்பதாவது விக்கெட்டுக்கு இருவரும் பிரியாமல் சேர்த்தது 126 ரன். அதில் கிர்மானி அடித்தது 24. அவர் ஒரே ஒரு தப்பாட்டம் ஆடியிருந்தால் கபில் கதை என்ன ஆகியிருக்கும்?

அந்த ஆட்டத்துக்கு வீடியோ இல்லை. வீடியோ இல்லாமலே கபிலைப் பார்த்த மாதிரி பேசுகிறோம். கிர்மானியைத்தான் யாரும் பார்க்கவில்லை.

கடை முதலாளி, ஈரோடு: கடைப் பையன் வேலை நேரத்தில் புத்தகம் படிக்கிறான். திட்டலாமா?

மேலே திருநெல்வேலிக்காரருக்குச் சொன்னதைப் படித்துவிட்டு வாருங்கள். ஃபாரடேயின் முதலாளி ரீபோ திட்டவில்லை. பையனின் நோட்டை வாடிக்கையாளர்களிடம் பெருமையாகக் காட்டினார். அப்படிப் பார்த்த ஒருவர்தான் வேதியியல் அறிஞர் ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகளுக்கு டிக்கெட் கொடுத்தார். அது நடந்தது 1812-இல். அந்த முதலாளி பெயரை இன்று ஈரோட்டுக்காரருக்கு நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஸ்டாக் எடுப்பதில் அவர் எப்படி என்று எனக்குத் தெரியாது.

ஆய்வு மாணவர், சிதம்பரம்: நான் எழுதிய கட்டுரையில் கைடு தன் பெயரை முதலில் போட்டுக்கொண்டார். நியாயமா?

2015-இல் ஹிக்ஸ் துகளின் நிறை பற்றி ஒரு கட்டுரை வந்தது. மொத்தம் 33 பக்கம், விஷயம் 9 பக்கம். மீதி 24 பக்கமும் எழுதியவர்கள் பெயரும் அவர்களுடைய நிறுவனங்களும்தான். ஆசிரியர்கள் 5,154 பேர். ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ என்று பெரியப்பா பேரன்வரை அச்சடிக்கும் நம் கல்யாணப் பத்திரிகையே கை கட்டி நிற்க வேண்டும். பட்டியல் அகரவரிசையில்தான் தொடங்குகிறது. உங்கள் கைடு பெயர் ‘அ’-வில் ஆரம்பித்தால் மன்னித்துவிடுங்கள்.

சீனியர் கணக்காளர், கரூர்: ஐம்பத்திரண்டு வயதில், மகன் வயதுப் பையனிடம் எக்செல் கற்க வெட்கமாக இருக்கிறது.

கல்லூரித் தமிழாசிரியராக இருந்த உ.வே.சா., சீவக சிந்தாமணியில் சந்தேகம் வந்தபோது கும்பகோணத்துச் சமணர் வீடுகளுக்குப் போய்க் கேட்டார். 1887-இல் புத்தகம் வந்தது. அவருக்கு வராத வெட்கம் உங்களுக்கு எதற்கு? அதுவும் ஒரு வி-லுக்கப்புக்கு!

தமிழாசிரியை, கும்பகோணம்: உ.வே.சா. தன் நன்றியை எப்படிக் காட்டினார்? நாங்கள் பொன்னாடை போர்த்துகிறோம்.

கும்பகோணம் கல்லூரி வேலையைவிட்டு விலகும்போது, தன் இடத்துக்கு உ.வே.சா.வை 1880-இல் கொண்டுவந்து அமர்த்தியவர் தியாகராச செட்டியார். பிற்காலத்தில் உ.வே.சா. தன் திருவல்லிக்கேணி வீட்டுக்கு வைத்த பெயர் ‘தியாகராச விலாசம்’. வேலை வாங்கிக் கொடுத்தவர் பெயரை வாசலில் எழுதிய வீடு உங்கள் தெருவில் ஒன்றாவது உண்டா? பொன்னாடையா? மறுநாளே அது இன்னொரு தோளுக்குக் கிளம்பிவிடும்.

நச்சரிப்பவர், விருதுநகர்: இத்தனை பதில்களும் நீங்கள் ஒருவரே தயாரிப்பவையா?

தபாலைப் பிரிப்பவர் ஒருவர். என் கிறுக்கலைத் தட்டச்சு செய்பவர் இன்னொருவர். ஒற்றுப்பிழை திருத்துபவர் மூன்றாமவர். சன்மானம் வாங்கும் வேலையை மட்டும் நான் தனி ஆளாகச் செய்கிறேன்.